சுவாமி இல்லாத செத்தவீடு

ஒல்லாந்தர் காலம் எண்டதும் எங்கள் எல்லாருக்கும் பள்ளிக்கூடத்தில் படித்த அதே நாலு விசயம்தான் ஞாபகம் வரும்: கோட்டை, கறுவா, தோம்பு, தேசவழமை. கூடவே, கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள் எண்டு ஒரு வரியும் வரும். சோதினைக்கு அந்த வரியைப் பாடமாக்கிப்போட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியில் கொஞ்சம் நிண்டு பார்க்கிறது. தடை எண்டால் அன்றாட வாழ்க்கையில் என்ன அர்த்தம்? பூசைக்குப் போகேலாது, பெருநாள் வைக்கேலாது எண்டு உடனே சொல்லிவிடலாம். ஆனால் பூசையைத் தள்ளிப்போடலாம், பெருநாளையும் தள்ளிப்போடலாம். சாவைத் தள்ளிப்போட முடியாது. 1660ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வீடொன்றில் ஒரு பிள்ளை செத்துப்போயிற்று எண்டு வையுங்கோ. சுவாமி இல்லை. கோயில் ஒல்லாந்தரின் கையில். கூடிச் செபம் சொன்னால் குற்றம். அந்த வீட்டுக்கு ஆர் வந்தது? ஆர் குழி வெட்டினது? அந்தத் தாய்க்குப் பக்கத்தில் ஆர் இருந்தது?

கிறிஸ்தவர்கள் தங்களைக் குடும்பம் என்று சொல்லிக்கொள்பவர்கள். ஒருவரையொருவர் சகோதரர், சகோதரி என்கிறார்கள். குருவைத் தந்தை என்கிறார்கள். யோவான் எழுதிய நற்செய்தியில், சிலுவையில் தொங்கும் இயேசு தன் தாயைச் சீடன் ஒருவனிடம் ஒப்படைக்கிறார். மகனை இழக்கிற தாய்க்கு இன்னொருவன் மகனாகிறான். இரத்தம் சம்பந்தப்படாத உறவு அந்த இடத்தில் துக்கத்துக்குள்ளேதான் பிறக்கிறது. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் வரலாறு படிக்கிற எங்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. நல்ல சொல்லொன்றைக் கண்டால், அது எப்போது உண்மையாக இருந்தது, ஆருக்கு உண்மையாக இருந்தது, ஆருக்கு இல்லாமல் போனது எண்டு கேட்போம். எங்கள் குழுவில் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கரும் இருக்கிறம், சைவக்காரரும் இருக்கிறம், ஒன்றுக்கும் போகாதவர்களும் இருக்கிறம். செத்தவீட்டுக்குப் போகாதவர் மட்டும் எங்களில் ஒருவருமில்லை. அதனால் இந்தக் கேள்வி எங்கள் எல்லாருக்கும் பொதுவானது.

முப்பது வருடத்துக்குக் கிட்ட

1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போயின. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. போர்த்துக்கேயர் கட்டிய கோயில்கள் சீர்திருத்த சபையின் வழிபாட்டு இடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, கலியாணம் பதிவது எல்லாம் அந்தச் சபையின் வழியாகத்தான். பள்ளித் தோம்பில் பெயர் இல்லாவிட்டால் உத்தியோகத்துக்கும் சொத்துக்கும் சிக்கல். ஆகவே பலர் வெளியில் ஒரு கணக்கும் வீட்டுக்குள் இன்னொரு கணக்கும் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

அதுக்குப் பிறகு 1687 வரைக்கும், முப்பது வருடத்துக்குக் கிட்ட, இந்த மக்களோடு தங்கியிருந்து கவனிக்க ஒரு குரு இல்லை. கத்தோலிக்க முறையில் இது சின்ன விசயமில்லை. பூசை குரு இல்லாமல் நடக்காது. சாகக் கிடக்கிறவருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்பதும் அவஸ்தைப் பூசுதல் கொடுப்பதும் குருவின் வேலை. அதாவது, சாவு வீட்டில் சமயம் செய்யவேண்டிய வேலைகளில் முக்கியமான பாதியை அரசாங்கம் ஒரே கட்டளையில் எடுத்துவிட்டது.

மிஞ்சின மற்றப் பாதி என்ன? இரவிரவாக முழிச்சிருப்பது. மனப்பாடமாக இருந்த செபங்களைச் சேர்ந்து சொல்வது. உடலைக் குளிப்பாட்டுவது, பெட்டியோ பாயோ ஒழுங்குபண்ணுவது, காவுவது, குழி வெட்டுவது. அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சோறு கொண்டுபோவது. இதுகளுக்குக் குருப்பட்டம் தேவையில்லை. சொந்தக்காரர் செய்கிற வேலைகள் இவை. குருமார் இல்லாத அந்தக் காலத்தில் ஒரு சமூகம் கலைந்துபோகாமல் இருந்ததுக்கு நம்பிக்கை ஒரு காரணம் எண்டால், இந்த வேலைகள் இன்னொரு காரணம் என்று நாங்கள் நினைக்கிறம். ஏனெண்டால் 1687இல் குரு ஒருவர் திரும்ப வந்தபோது, தேடிக் கண்டுபிடிக்கிற அளவுக்காவது அந்தச் சமூகம் அங்கே இருந்தது.

கழுத்தில் செபமாலையோடு வந்தவர்

வந்தவர் யோசப் வாஸ். 1651இல் கோவாவில் பிறந்தவர். 1687இல் கூலிக்காரர் வேடத்தில், யோன் என்ற உதவியாளோடு யாழ்ப்பாணத்தில் இறங்கினார். வந்த கையோடு கடும் வயிற்றுழைவு நோயில் விழுந்தார். பிழைத்து எழும்பின பிறகு, கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். மாலையைக் கண்டு ஆருடைய முகம் மாறுகிறது எண்டு பார்த்துத்தான் கத்தோலிக்கரை அடையாளம் பிடித்தார். பிறகு சில்லாலை அவருக்கு ஒளிப்பிடமானது. 1689 நத்தார் இரவு ஒல்லாந்தப் படைகள் கூடியிருந்தவர்களைச் சுற்றிவளைத்தன. வாஸ் தப்பினார், பிடிபட்டவர்கள் அடியும் தண்டமும் பட்டார்கள். அதுக்குப் பிறகு அவர் கண்டி இராச்சியத்துக்குப் போனார். அங்கே போர்த்துக்கேய ஒற்றன் எண்டு சந்தேகப்பட்டு அவரைச் சிறையில் வைத்தார்கள்.

வாஸின் கதையில் அற்புதங்களைப் பற்றித்தான் அதிகம் கேள்விப்பட்டிருப்போம். எங்களைக் கவர்ந்தது அவர் செய்த ஒழுங்கமைப்பு. தானும் தன்னோடு பிறகு கோவாவிலிருந்து வந்து சேர்ந்த சில குருமாரும் எல்லா ஊருக்கும் போகேலாது எண்டு அவருக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு தடவை ஒரு ஊருக்குப் போனாலே பெரிய காரியம். அதனால் ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பொறுப்புகள் இருந்தன. மூப்பர், கோயில் காரியங்களையும் பொதுப் பணத்தையும் பார்ப்பவர். அண்ணாவி, செபம் நடத்துகிறவர், பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிக்கிறவர், அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறவர், செத்தவரை அடக்கம் செய்கிறவர். அண்ணாவி எண்டதும் எங்களுக்கு நாட்டுக்கூத்து அண்ணாவியார்தான் நினைவுக்கு வருவார். கத்தோலிக்க ஊர்களில் அதே சொல் செபத்தை முன்னுக்கு நிண்டு சொல்லுகிறவருக்கும் இருந்தது. பாட்டுத் தெரிந்தவர், எழுத்துத் தெரிந்தவர், ஊர் நம்புகிறவர். சுவாமி இல்லாத செத்தவீட்டில் அவர்தான் தலைமகன் மாதிரி.

1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. அரசன் நகரை விட்டுப் போனான். பயத்தில் சனம் நோயாளிகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடியது. வாஸும் அவரோடு சேர்ந்த இளம் குரு ஒருவரும் அப்படி விடப்பட்டவர்களைத் தேடித் தேடிப் போய்ப் பராமரித்தார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் கத்தோலிக்கர் இல்லை. சொந்தப் பிள்ளையே தொடப் பயந்த உடலை அந்நியன் ஒருவன் தொட்டான் என்பதுதான் அந்தச் சம்பவம். இரண்டாம் விமலதர்மசூரியன் அதுக்குப் பிறகு வாஸை நம்பியதும், கண்டியிலிருந்து குருமார் வெளி ஊர்களுக்குப் போகக்கூடியதாக இருந்ததும் இதன் தொடர்ச்சி. வாஸ் 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

மரண உதவிச் சங்கமும் வேறொரு கணக்கும்

கண்டியில் நடந்ததுக்கு ஒரு பழைய முன்கதை இருக்கிறது. அதுக்கு றோம சாம்ராச்சியம் வரைக்கும் போகவேணும்.

எங்கட ஊர்களில் இருக்கிற மரண உதவிச் சங்கம் மாதிரி, றோமரிடமும் அடக்கச் சங்கங்கள் இருந்தன. இத்தாலியில் லனூவியம் என்ற ஊரில் கிபி 136ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்றில் அப்படியொரு சங்கத்தின் யாப்பே இருக்கிறது. சேருகிறதுக்கு 100 செஸ்டர்ஸ் காசும் ஒரு சாடி நல்ல வைனும். மாதாமாதம் சந்தா. அங்கத்தவர் செத்தால் சங்கம் 300 செஸ்டர்ஸ் செலவழிக்கும். அதில் 50 இறுதிச்சடங்குக்கு வந்தவர்களுக்குப் பங்கிடப்படும். அடிமைகளும் சேரலாம். ஆனால் தொடர்ந்து ஆறு மாதம் சந்தா கட்டாதவருக்கு ஒன்றுமில்லை. நியாயமான கணக்குத்தான். கட்டினால் கிடைக்கும்.

அந்த நூற்றாண்டின் கடைசியில் கார்த்தேஜில் எழுதிய தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்களிடம் இருந்த பொதுப் பெட்டியைப் பற்றிச் சொல்கிறார். மாதத்துக்கு ஒருக்கா, விருப்பமான அளவு, கட்டாயமில்லை. அந்தப் பணம் ஏழைகளுக்குச் சாப்பாடு போடவும் அவர்களைப் புதைக்கவும், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும் போனது. இங்கே கட்டினவருக்கும் கிடைத்தவருக்கும் இடையில் கணக்கு இல்லை. கணக்குப் பார்க்காத இடத்தைத்தானே வீடு என்கிறோம்.

251ஆம் ஆண்டளவில் றோமாபுரி ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதமொன்றில் ஒரு தொகை வருகிறது. அந்த ஒரு நகரத்துச் சபை 1,500க்கு மேற்பட்ட கைம்பெண்களையும் கஷ்டப்பட்டவர்களையும் தாங்கிக்கொண்டிருந்தது. அப்போது அங்கே இருந்த குருமார் 46 பேர். துக்கம் முடிந்த பிறகும் தொடர்கிற துக்கம்தான் கைம்மை. இதையும் அந்தச் சபை தன் பொறுப்பாக எடுத்திருக்கிறது. அதே காலத்தில் பெருங்கொள்ளைநோய் வந்தபோது கார்த்தேஜில் ஆயர் சிப்பிரியான் தன் மக்களை நோயாளிகளிடம் போகச் சொன்னார், கிறிஸ்தவர் அல்லாதவர்களிடமும் போகச் சொன்னார்.

நூறு வருடத்துக்குப் பிறகு, 362இல், கிறிஸ்தவத்தை விரும்பாத பேரரசன் யூலியன் தன் பழைய சமயத்தின் பூசகர் ஒருவருக்கு எழுதினான். கிறிஸ்தவம் வளர்ந்ததுக்கு அவன் அதில் சொல்கிற காரணங்களில் ஒன்று அந்நியருக்குச் செய்கிற உதவி. இன்னொன்று செத்தவர்களை அடக்கம் செய்வதில் காட்டுகிற அக்கறை. எதிராளி எழுதினது எண்டபடியால் இந்தச் சாட்சிக்குப் பெறுமதி கூட.

கிறிஸ்தவர்கள் புதைகுழிக்கு வைத்த கிரேக்கப் பெயருக்குத் தூங்குமிடம் என்று பொருள். எங்கட கத்தோலிக்கர் அதைச் சேமக்காலை என்கிறார்கள். சேமம் எண்டால் பத்திரம். ஒருவரைக் கொண்டுபோய் எறிந்துவிட்டு வருகிற இடமல்ல, பத்திரமாக வைத்துவிட்டு வருகிற இடம். வைத்துவிட்டு வந்தால் ஆரோ பொறுப்பாக இருக்கவேணும். அந்த ஆரோதான் இந்தக் கட்டுரையின் விசயம்.

மரியாள் எங்கட ஊர்க் குரலில்

மறுபடி இலங்கைக்கு வருவோம். 1705இல் கோவாவிலிருந்து இன்னொரு குரு வந்தார்: யாக்கோமே கொன்சால்வெஸ். 1742இல் போலவத்தையில் சாகும்வரைக்கும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக்கொண்டே இருந்தார். குருமார் குறைவு, ஊர்கள் அதிகம் எண்ட அதே பிரச்சினைக்கு அவருடைய பதில் புத்தகம். அண்ணாவிமார் கையில் ஏடு இருந்தால் குரு இல்லாத ஞாயிறும் நடக்கும்.

அவற்றில் தமிழ்க் கத்தோலிக்கரிடம் அதிகம் ஊறிப்போனது வியாகுலப் பிரசங்கம். இயேசுவின் பாடுகளைச் சொல்கிற ஒன்பது பிரசங்கங்கள். தவக்காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இதை இராகம் போட்டுப் படிப்பார்கள். கேட்டிருப்பவர்களுக்குத் தெரியும், அது வாசிப்பு மாதிரி இருக்காது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக மரியாள் புலம்புகிற இடத்தில் அது எங்கட ஒப்பாரியின் சாயலுக்கு வந்துவிடும்.

இதில் ஒரு சமூக விசயம் இருக்கிறது. ஒப்பாரி பெண்களின் கலை. செத்தவரோடு கதைப்பது, கடவுளோடு சண்டை பிடிப்பது, சொந்தக்காரரைக் குத்திக்காட்டுவது எல்லாம் அதுக்குள் அடங்கும். வெளியிலிருந்து வந்த சமயங்கள் பலவும் சத்தம் போட்டு அழுவதைச் சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கின்றன. பழைய திருச்சபையில்கூட, கூலிக்கு மாரடிப்பவர்களைக் கூப்பிடுவதை யோவான் கிறிசோஸ்தோம் கடுமையாகக் கண்டித்தார். புனித அகுஸ்தீன், 387இல் தாய் மொனிக்கா இறந்தபோது அழுகையை அடக்கிக்கொண்டதையும், பிறகு தனிமையில் அழுததையும் தானே எழுதியிருக்கிறார். இந்தத் தீவில் அழுகைக்குக் கோயிலுக்குள்ளேயே இடம் கிடைத்தது. வருடத்துக்கு ஒரு தடவை ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு தாயின் அழுகையை அழுதது. அந்த ஊரில் உண்மையாகவே பிள்ளையைப் புதைத்த தாய்மாரும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். தங்கள் அழுகையை ஒளிக்கத் தேவையில்லாத நாள் அது. ஆறுதல் சொல்ல ஒருவரும் வராத வீட்டுக்கும் அந்தப் பாட்டு வந்திருக்கும்.

குடும்பத்துக்கு வெளியில் நிண்டவர்கள்

இதுவரைக்கும் எழுதினதை இதோட நிறுத்தினால் அது வரலாறாக இருக்காது, பெருநாள் மலருக்கு எழுதின கட்டுரையாகத்தான் இருக்கும். குடும்பம் எண்ட சொல்லுக்கு எங்கட சமூகத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆர் வீட்டுக்குள் வரலாம், ஆர் முற்றத்தோட நிற்கவேணும் எண்டு தீர்மானிப்பதும் குடும்பம்தான்.

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவம் சாதியைக் கரைக்கவில்லை. சாதிக்கொரு கோயில், கோயிலுக்குள் சாதிக்கொரு இடம், செத்தபிறகும் பிரித்துப் புதைத்த நிலம் எண்டு அது நீண்டகாலம் தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரே அப்பத்தில் பங்கெடுத்தவர்கள், செத்தவீட்டில் தண்ணி வாங்கிக் குடிக்கத் தயங்கினார்கள். பறையடிக்கவும் குழி வெட்டவும் சில குடும்பங்களைக் கூப்பிட்டார்கள். ஆனால் அந்தக் குடும்பங்களின் செத்தவீட்டுக்குத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்?

இந்தக் கேள்வி முக்கியம். ஏனெண்டால் நாங்கள் மேலே சொன்ன அளவுகோலே இதுதான். உடலைத் தொடுவது, காவுவது, குழி வெட்டுவது சொந்தக்காரர் வேலை எண்டால், அந்த வேலையைச் செய்தவர்களைச் சொந்தம் எண்டு ஏற்றுக்கொள்ளாதது பெரிய முரண். இரத்தத்தைத் தாண்டின குடும்பம் எண்டு சொல்லிக்கொண்ட சமூகம், இரத்தக் கணக்கைச் சேமக்காலை மதில் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறது. இண்டைக்கு அது குறைந்திருக்கிறது, ஆனால் முடிந்துவிட்டது எண்டு எங்களால் எழுதேலாது.

கூடுவதுக்குத் தடை வரும்போது

ஒல்லாந்தர் போய், பிரித்தானியர் போய், சுதந்திரமும் வந்தது. ஆனாலும் துக்கத்தில் கூடுவது ஆபத்தாக இருந்த காலம் எங்கட அம்மா அப்பாவின் வாழ்நாளில் திரும்ப வந்தது.

மடுத் திருத்தலம் ஒல்லாந்தர் காலத்து அகதிகளோடு தொடங்கின இடம். மாந்தையிலிருந்து மாதா சுரூபத்தைக் காவிக்கொண்டு காட்டுக்குள் போன சனம் அங்கே குடியேறியதாகக் கோயில் மரபு சொல்கிறது. 1990க்குப் பிறகு அதே காட்டுக்கு, போருக்குத் தப்பின பல்லாயிரம் பேர் வந்து தறப்பாளுக்குக் கீழே இருந்தார்கள். 1999 நவம்பர் 20ஆம் திகதி அங்கே ஷெல் விழுந்து சுமார் 40 பேர் செத்தார்கள். 2008 ஏப்ரலில் மாதாவே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனார்.

1995 யூலை 9ஆம் திகதி நவாலியில் நடந்ததும் எங்களுக்குத் தெரியும். வலிகாமத்திலிருந்து ஓடிவந்த சனம் சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் பக்கத்தில் இருந்த முருகன் கோயிலிலும் களைப்பாற ஒதுங்கியது. விமானக் குண்டுவீச்சில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செத்தவர்களில் சைவரும் இருந்தார்கள், கத்தோலிக்கரும் இருந்தார்கள். வருடாவருடம் அதே தேவாலயத்தில் அவர்கள் எல்லாருக்காகவும் செபிக்கிறார்கள். எங்கள் குழுவில் இதைப் பற்றிக் கதைத்தபோது எல்லாரும் ஒத்துக்கொண்ட விசயம் இது: ஒரு ஆலயம் தன்னிடம் ஒதுங்கினவர்களைப் பதிவேட்டில் இல்லாவிட்டாலும் தன் செத்தவர்களாக ஏற்றுக்கொள்கிறதே, அதுதான் குடும்பம் எண்ட சொல்லுக்குக் கிட்ட வருகிற செயல்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார், கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார், மட்டக்களப்பு சீயோன், கொழும்பு ஹோட்டல்கள். 260க்கு மேற்பட்ட உயிர்கள். சீயோனில் மட்டும் 14 சிறுவர்கள். தமிழரும் சிங்களவரும் ஒரே வாங்கில் இருந்து செத்தார்கள். அதுக்கு அடுத்த கிழமைகளில் பாதுகாப்புக் காரணத்தால் பொதுப் பூசைகள் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 28 ஞாயிறு பூசையைக் கொழும்பில் சனம் தொலைக்காட்சியில் பார்த்தது. துக்கம் உச்சத்தில் இருந்தபோது கூடிய இடமே பயமாகிப்போனது. அப்படியிருந்தும் அயலவர்கள் வீடு வீடாகப் போனார்கள். 1660இல் நடந்திருக்கக்கூடியதை 2019இல் பார்த்தோம்.

பிறகு கொவிட். 2020 ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி வரைக்கும் கொவிட்டில் செத்தவர்களை எரிக்கவே வேண்டும் எண்டு அரசாங்கம் சட்டம் போட்டது. முஸ்லிம் குடும்பங்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். உயர் நீதிமன்றம் போன மனுதாரர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு இரண்டு சமூகங்களுக்கும் நடுவில் எவ்வளவு கசப்பு இருந்தது எண்டு நினைத்துப் பாருங்கோ. செத்தவரைப் பத்திரமாக வைக்கிற உரிமைக்காக அவர்கள் ஒரே பக்கத்தில் நிண்டது சின்ன விசயமில்லை.

உடல் இல்லாத துக்கம்

இவ்வளவும் சொன்ன பிறகும், எங்களிடம் பதில் இல்லாத இடம் ஒன்று இருக்கிறது.

இந்தச் சமயம் துக்கத்துக்கு வைத்திருக்கிற வழிகள் எல்லாம் ஒரு உடலை எதிர்பார்க்கின்றன. முழிச்சிருக்க ஒரு உடல், காவ ஒரு பெட்டி, பூ வைக்க ஒரு குழி, நவம்பர் 2ஆம் திகதி மெழுகுதிரி கொளுத்த ஒரு இடம். உடலே இல்லாவிட்டால்? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் தாயிடம், ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்கொடுங்கோ எண்டு சொல்லேலாது. அப்படிச் சொல்வது, பிள்ளை செத்துவிட்டது எண்டு ஒத்துக்கொள்ளச் சொல்வது. 31ஆம் நாள் எந்த நாளில் இருந்து எண்ணுவது?

திருச்சபையே இந்த இழப்பை அறியும். 2009 மே 18ஆம் திகதி வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு கூடப்போன அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் இன்னும் திரும்பவில்லை. தன் மக்களைத் தனிய விடாமல் போன குருவுக்கே சேமக்காலையில் இடமில்லை. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், நல்லிணக்க ஆணைக்குழு முன்னால் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்த சனத்தொகை 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேர் எங்கே? அவர் இவர்கள் செத்தார்கள் எண்டு அறிவிக்கவில்லை. எங்கே எண்டு கேட்டார். வீட்டில் ஒருவர் குறைந்தால் தகப்பன் கேட்கிற கேள்வி அது. 2021 ஏப்ரலில் அவர் இறக்கும்வரை அதுக்குப் பதில் வரவில்லை.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்னால் தாய்மார் உட்கார்ந்தார்கள். அந்தக் கொட்டகைகளில் சைவத் தாய்மாரும் கிறிஸ்தவத் தாய்மாரும் படங்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். மழையிலும் வெயிலிலும் ஒருவருக்கொருவர் தேத்தண்ணி ஊத்திக் கொடுத்து, ஒருவருக்கு வருத்தம் வந்தால் மற்றவர் பார்த்து, ஒருவர் செத்தால் மற்றவர் அவருடைய பிள்ளையின் படத்தையும் தூக்கிக்கொண்டு. நாங்கள் இவ்வளவு நேரம் தேடின அந்த உறவு, எந்தக் கோயிலுக்கும் சொந்தமில்லாத ஒரு தெருவோரத்திலும் இருந்தது. கிறிஸ்தவச் சமூகம் அங்கே செய்யக்கூடியது, இளைப்பாற்றிக்கு அவசரப்படுத்தாமல் பக்கத்தில் இருப்பதுதான். சில குருமாரும் கன்னியாஸ்திரிகளும் அதைத்தான் செய்தார்கள்.

ஆகவே முதல் கேட்ட கேள்விக்கு எங்கட பதில் இது. கிறிஸ்தவர்கள் தங்களைக் குடும்பம் எண்டு சொல்வது, கூடத் தடை இருந்தும் செத்தவீட்டுக்கு ஆராவது போன போதெல்லாம் உண்மையாக இருந்தது. சாதி பார்த்து ஒருவரை முற்றத்தில் நிற்பாட்டின போதெல்லாம் பொய்யாக இருந்தது. ஒரே ஊரில், ஒரே வருடத்தில் இரண்டும் நடந்திருக்கும்.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. கோயில் பதிவேட்டில் செத்தவரின் பெயர் இருக்கும், அடக்கம் செய்த குருவின் பெயர் இருக்கும். இரவு முழுக்க ஒப்பாரி சொன்ன அம்மாவின் பெயரும், குழி வெட்டினவரின் பெயரும், ஊர் இடம்பெயர்ந்தபோது செபம் சொல்லிப் புதைத்த அண்ணாவியின் பெயரும் அதில் இருக்காது. அவர்களைத் தெரிந்தவர்கள் இப்போது எங்கட அம்மம்மா, அப்பப்பா வயதில் இருக்கிறார்கள். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது கேளுங்கோ. எந்தச் சமயம் எண்டாலும் பரவாயில்லை. உங்கட ஊரில், போக்குவரத்தும் பெட்டியும் இல்லாத நாளில், ஆர் வந்து நிண்டது? பெயரைக் கேட்டு, திகதி ஞாபகமிருந்தால் அதையும் சேர்த்து, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ.